டூர் டி பிரான்ஸில் ஒரே ஒரு கட்டம் வென்ற ஷ்டிபருக்கு ஏன் இத்தனை மதிப்பு?

நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 2024 பிப்ரவரியில் செக் நாட்டின் தாபோர் நகரில் ஸ்டெனெக் ஷ்டிபர் ஓய்வு பெற்றபோது நாட்டின் தலைசிறந்த சைக்கிள் வீரரை வழியனுப்புவதுபோல எழுதினார்கள். ஆனால் பதிவேட்டைத் திறந்தால், மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸில் அவருக்கு ஒரே ஒரு கட்ட வெற்றிதான், அதாவது ஒரு நாள் ஓட்டத்தின் வெற்றிதான் இருக்கிறது. அதே நாட்டைச் சேர்ந்த ரோமன் க்ரொய்ட்சிகர் அதே டூரில் ஒட்டுமொத்தமாக ஐந்தாம் இடம் பிடித்தவர். அப்படியிருக்க ஷ்டிபரின் புகழ் எங்கிருந்து வருகிறது, அது நியாயமானதுதானா என்பதே உங்கள் சந்தேகம்.

நியாயமானதுதான் என்பது என் பதில். டூர் டி பிரான்ஸை மட்டும் அளவுகோலாக வைத்தால் இவரைப் புரிந்துகொள்ளவே முடியாது. இவருடைய வாழ்க்கையின் முதல் பாதி சைக்ளோகிராஸ், இரண்டாம் பாதி ஒருநாள் சாலைப் பந்தயங்கள். இரண்டுமே மூன்று வார டூரின் கணக்குப் புத்தகத்தில் ஏறாதவை.

முதலில் சைக்ளோகிராஸ். இலையுதிர் காலத்தில் தொடங்கி பிப்ரவரி வரை நடக்கும் குளிர்கால விளையாட்டு இது. சேறு, மணல், புல்மேடு, படிக்கட்டு எல்லாம் கலந்த சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ஆண்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். குறுக்கே 40 சென்டிமீட்டர் உயரம் வரை பலகைகள் நிற்கும். இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டி ஓடி, ஓடுகிற வேகத்திலேயே திரும்ப ஏற வேண்டும். டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சேற்றில் பிடிமானம் கிடைப்பதற்காகக் காற்றை ஒன்றரை பார் (காற்றழுத்த அலகு) அளவுக்கு, சில நாள் அதற்கும் கீழே இறக்கிவிடுவார்கள். ரொம்பக் குறைத்தால் வேரிலோ கல்லிலோ மோதும்போது ரிம் அடிபடும், டயர் பஞ்சராகும். கூடுதலாக வைத்தால் சக்கரம் வளைவில் வழுக்கும். அந்த நாளின் ஈரத்துக்கு எவ்வளவு காற்று என்று முடிவு செய்வதே பாதிப் பந்தயம். ஓரத்தில் மெக்கானிக்குகள் இரண்டாவது வண்டியோடு காத்திருப்பார்கள். சேறு ஏறிய வண்டியை வீரர் கொடுத்துவிட்டுக் கழுவிய வண்டியை வாங்கிக்கொள்வார். அடுத்த சுற்றுக்குள் பழைய வண்டி தண்ணீர்ப் பீய்ச்சியில் குளித்துத் தயாராக நிற்கும்.

செக் நாட்டில் இது வேரோடிய விளையாட்டு. உலகப் போட்டியைத் தாபோர் மட்டுமே 2001, 2010, 2015, 2024 என நான்கு முறை நடத்தியிருக்கிறது. 1991இல் ரதோமீர் ஷிமூனெக் தொழில்முறை வீரர்களுக்கான உலகப் பட்டம் வென்றார். அதன் பிறகு முதல்நிலை ஆண்கள் பட்டம் செக் நாட்டுக்கு வரவேயில்லை. பெல்ஜியம், நெதர்லாந்து, இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று சுற்றிக்கொண்டிருந்தது. 23 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை 2005, 2006 இரண்டு வருடமும் ஷ்டிபர் வென்றபோதே எதிர்பார்ப்பு ஏறிவிட்டது. 2010இல் தாபோரிலேயே, உறைந்த பனித் தரையில், சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் அவர் உலக சாம்பியனானார். க்ளாஸ் வாந்தோர்னவுட் இரண்டாவது, ஸ்வென் நேய்ஸ் மூன்றாவது. பத்தொன்பது வருடக் காத்திருப்பு சொந்த மண்ணில் முடிந்தது என்பதைக் கணக்கில் எடுக்காமல் அவருடைய புகழை அளக்க முடியாது. அடுத்த வருடம் ஜெர்மனியின் சாங்க்ட் வெண்டெலில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

இந்தப் புகழுக்கு இன்னொரு காரணம் விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. சாலைப் பந்தயத்தில் ஆறு மணி நேரம் ஓரமாகக் காத்திருந்தாலும் மொத்தக் கூட்டமும் சில நொடிகளில் கடந்துவிடும். உங்கள் வீரர் எந்தப் பக்கம் போனார் என்றே தெரியாது. சைக்ளோகிராஸில் அதே மனிதர் ஒரு மணி நேரத்தில் எட்டு, ஒன்பது முறை கை தொடும் தூரத்தில் வருவார். மூச்சு வாங்குவது தெரியும், முகத்தில் சேறு எந்தச் சுற்றில் ஏறியது என்பது வரை தெரியும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வாராவாரம் ஆயிரக்கணக்கானோர் நுழைவுச்சீட்டு வாங்கி இதைப் பார்க்கிறார்கள், தொலைக்காட்சியும் நேரலையாகக் காட்டுகிறது. ஷ்டிபர் இளம் வயதிலேயே பெல்ஜிய அணியில் சேர்ந்து, அங்கேயே வாழ்ந்து, டச்சு மொழி கற்றுக்கொண்டு அதிலேயே பேட்டி கொடுத்தவர். நேய்ஸ், நீல்ஸ் ஆல்பர்ட் போன்ற உள்ளூர் நாயகர்களைத் தோற்கடித்த அந்நியரை அந்த ஊர்க்காரர்களே ஏற்றுக்கொண்டதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய ரசிகர் பட்டாளத்தில் ஒரு கணிசமான பகுதி செக் நாட்டுக்கு வெளியே இருப்பவர்கள்தான்.

அப்படி உச்சத்தில் இருந்தவர் 2011இல் குயிக்-ஸ்டெப் சாலை அணிக்குப் போனார். அந்த முடிவின் கனத்தைச் சொல்லியாக வேண்டும். முன்னணி சைக்ளோகிராஸ் வீரருக்குப் போட்டிக்குப் போட்டி வந்து நிற்பதற்கே பணம் உண்டு, வாராவாரம் தொலைக்காட்சி உண்டு. சாலையில் அவர் புதியவர். உடலின் கணக்கும் வேறு. சைக்ளோகிராஸ் என்பது இதயத்துடிப்பு உச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு மணி நேரம். பெரிய ஒருநாள் பந்தயமோ 200 முதல் 260 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்கும் மேல். அங்கே மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதில் சுணங்கினால் கடைசி ஐம்பது கிலோமீட்டரில் கால் நின்றுவிடும். ஐந்தாவது மணி நேரத்துக்குப் பிறகும் வேகம் கூட்டும் திறன் ஒரு குளிர்காலத்தில் வராது, சில வருடங்கள் நீண்ட தூரம் ஓட்டித்தான் வரும். இரண்டு விளையாட்டையும் முழுதாகப் பிடித்துக்கொண்டால் ஓய்வுக்கு மாதமே கிடைக்காது. சைக்ளோகிராஸ் பிப்ரவரியில் முடியும்போது சாலைப் பருவம் தொடங்கியிருக்கும். எனவே அவர் சைக்ளோகிராஸைச் சில போட்டிகளாகக் குறைத்துக்கொண்டார்.

பலன் படிப்படியாக வந்தது. 2012இல் போலந்து டூரில் ஒரு கட்டம். 2013இல் பல நாள் பந்தயமான எனெகோ டூரின் ஒட்டுமொத்தப் பட்டம். அதே ஆகஸ்ட் மாதம் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவின் ஏழாவது கட்டத்தில், அப்போதைய உலக சாம்பியன் ஃபிலிப் ஜில்பேரை ஒரு டயர் அளவு வித்தியாசத்தில் வென்றார். 2014 தொடக்கத்தில் சில போட்டிகள் மட்டும் ஓட்டிவிட்டு ஹோகர்ஹைட உலகப் போட்டிக்குப் போய், நடப்பு சாம்பியன் நேய்ஸைக் கடைசிச் சுற்றில் உதறிவிட்டு மூன்றாவது முறையாக உலக சாம்பியனுக்குரிய வானவில் ஜெர்சி அணிந்தார். ஆனால் அடுத்த வருடம், சொந்த நாட்டின் தாபோரிலேயே உலகப் போட்டி நடந்தபோது அந்தப் பட்டத்தைக் காக்க அவர் இறங்கவில்லை. சாலைதான் முக்கியம் என்று அவர் எடுத்த முடிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி பாரிஸ்–ரூபே. அவருடைய சாலை வாழ்க்கையின் மையம் இந்தப் பந்தயம்தான். பிரான்ஸின் கொம்பியேனில் தொடங்கி ரூபே நகரின் வெலோட்ரோமில் (சைக்கிள் ஓட்டத்துக்கான நீள்வட்ட மைதானத்தில்) முடியும் இந்த ஒருநாள் பந்தயத்தில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் பழைய கருங்கல் பதித்த பாதை. சாதாரணச் சாலையில் ஏழு, எட்டு பார் காற்று வைத்த அந்தக் காலத்து வீரர்கள் இந்த ஒரு நாளுக்கு அகலமான டயர் போட்டு ஐந்து பார் பக்கம் இறக்கினார்கள், கைப்பிடியில் இரட்டைச் சுற்று நாடா சுற்றினார்கள். சைக்ளோகிராஸ் கற்றவருக்கு இங்கே மூன்று அனுகூலங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் வண்டியைத் தன் போக்கில் துள்ளவிடுவார். பின்சக்கரம் விலகினாலும் பதறிப் பிரேக் பிடிக்க மாட்டார். முன்னால் இருப்பவரின் சக்கரத்தைப் பார்க்காமல் பத்து மீட்டர் தள்ளித் தரையைப் படிப்பார்.

கற்பாதையின் குறுக்குவெட்டு நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும். நடுமுகடு ஓரளவு சமமாக இருக்கும், சரிவுகளில் கற்கள் பெயர்ந்து கிடக்கும். அதற்கும் வெளியே, ஓரத்தில், ஓர் அடி அகலத்தில் மண் கீற்று ஓடும். காய்ந்த நாளில் அந்த மண்தான் வேகமான வழி. பார்வையாளர்கள் நிற்பதும் அங்கேதான். 2013இல் ஷ்டிபர் முதன்முறையாக இந்தப் பந்தயம் ஓட்டி, கான்செல்லாரா, வான்மார்க்க, சக அணி வீரர் வாண்டன்பெர்க் ஆகியோருடன் முன்னணி நால்வரில் ஒருவராக கார்ஃபூர் த லார்ப் பகுதிக்குள் நுழைந்தார். முடிவுக்கு இன்னும் சுமார் 15 கிலோமீட்டர். வாண்டன்பெர்க் ஓரத்தில் நின்ற ஒருவர் மேல் மோதி விழுந்தார். சற்று நேரத்தில் ஷ்டிபரும் ஒரு பார்வையாளர் மேல் இடித்தார். விழவில்லை, ஆனால் கால் பெடலிலிருந்து கழன்று வேகம் செத்துவிட்டது. கற்பாதையில் ஒருமுறை வேகம் போனால் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். முன்னவர் இருவரும் போய்விட்டார்கள், இவருக்கு ஆறாம் இடம்.

அந்த இடிபாடு இல்லாவிட்டால் அவர் வென்றிருப்பார் என்று ரசிகர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அதை நான் உண்மையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வெலோட்ரோமில் வான்மார்க்கவை முந்திய கான்செல்லாரா அந்த வசந்தத்தில் அசாத்திய ஃபார்மில் இருந்தார். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முதல் முயற்சியிலேயே கடைசி நால்வரில் இருந்தார், தன் பலவீனத்தால் பின்தங்கவில்லை.

2014இல் ஐந்தாம் இடம். 2015இல் ஏழு பேர் ஒன்றாக வெலோட்ரோமுக்குள் வந்தார்கள். ஜான் டேகன்கோல்ப் எளிதாக வென்றார், ஷ்டிபர் இரண்டாவது. டேகன்கோல்ப் அடிப்படையில் கடைசி சில நூறு மீட்டர் வேகப் பாய்ச்சலில் (ஸ்பிரின்ட்) தேர்ந்த வீரர். அவரோடு ஒரே குழுவாக உள்ளே வந்துவிட்ட பிறகு இவருக்கு வாய்ப்பு குறைவு. அதைத் தோல்வி என்பதைவிட, கிடைக்கக்கூடியதில் சிறந்த முடிவு என்பதே சரி.

2017 அப்படியல்ல. அது உண்மையிலேயே நழுவிய பந்தயம். சராசரி வேகம் மணிக்கு 45.2 கிலோமீட்டர், அதுவரை அந்தப் பந்தயத்தில் யாரும் கண்டிராத வேகம். கிரெக் வான் ஆவர்மாட், செபாஸ்டியன் லாங்கவெல்ட், ஷ்டிபர் மூவரும் முன்னால். பின்னால் வந்த கூட்டத்தில் ஷ்டிபரின் அணித்தலைவர் டோம் பூனன், அன்றுதான் அவருக்குக் கடைசிப் பந்தயம். பூனன் பின்னால் இருக்கும்போது ஷ்டிபர் முன்னே போய்க் காற்றை உடைத்து மற்ற இருவருக்கும் உதவ வேண்டிய அவசியமில்லை. அவர்கள் நிழலில் ஒட்டிக்கொண்டு வந்தார். வெலோட்ரோமில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க, பின்னாலிருந்து ஸ்டாய்வனும் மோஸ்கோனும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஷ்டிபர் முதலில் பாய்ந்தார், கடைசி வளைவுவரை முன்னிலையில் இருந்தார். வான் ஆவர்மாட் அவர் சக்கரத்தின் பின்னே காற்றுக்கு ஒதுங்கியிருந்து, கடைசி நேர்கோட்டில் வெளிப்பக்கமாக வந்து கடந்தார். மணிக்கு அறுபதை நெருங்கும் வேகத்தில் உழைப்பின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னால் இருப்பவர் அதை முழுவதுமாகத் தாங்க, பின்னால் இருப்பவர் மிச்சம் பிடிப்பார். சீக்கிரம் பாய்ந்ததுதான் தவறு என்று சொல்வது எளிது. ஆனால் பின்னாலிருந்து வேகமாக வந்த இருவர் அப்படியே தாண்டிப் போய்விடும் ஆபத்தும் இருந்தது. இன்னும் ஐம்பது மீட்டர் பொறுத்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது வாதத்துக்கு உரியது. மாறியிருக்கலாம் என்பது என் சாய்வு.

வென்றவற்றையும் பார்க்க வேண்டும். 2015 மார்ச்சில் இத்தாலியின் ஸ்ட்ராடே பியாங்கே. டஸ்கனியின் வெள்ளைச் சரளைப் பாதைகளில் 200 கிலோமீட்டர், முடிவில் சியேனா நகரத்துக்குள் செங்குத்தான ஒரு கல் சந்து ஏறி காம்போ சதுக்கத்தில் முடியும். ஏற்றத்தில் வான் ஆவர்மாட் முதலில் பாய்ந்தார். ஷ்டிபர் பதறாமல் பின்தொடர்ந்து, சந்தின் மேல்பகுதியில் அவரைக் கடந்தார். வால்வெர்டே மூன்றாவது. அடுத்த வருடம் அதே சதுக்கத்தில் கான்செல்லாராவிடம் தோற்று இரண்டாவது வந்தார்.

அதே 2015 ஜூலையில் நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒரே டூர் வெற்றி. அபேவீலிலிருந்து லெ ஆவர் போன ஆறாம் கட்டம். கடைசிக் கிலோமீட்டரின் ஏற்றத்தில், ஒட்டுமொத்த முன்னிலையைக் காட்டும் மஞ்சள் ஜெர்சியில் இருந்த சக வீரர் டோனி மார்ட்டின் விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. குழப்பத்தில் கூட்டம் தயங்கிய அந்த நொடிகளில் ஷ்டிபர் தனியாக விலகி, பீட்டர் சாகனுக்கு இரண்டு நொடி முன்னால் கோட்டைத் தொட்டார். அதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஏற்றத்தில் முன்வரிசையில் இல்லாதவருக்கு அந்த இடைவெளி பயன்பட்டிருக்காது. யான் ஸ்வோராடா 2001இல் பாரிஸில் வென்றதற்குப் பிறகு செக் வீரர் ஒருவருக்கு டூரில் கிடைத்த கட்ட வெற்றி அது.

2019 வசந்தத்தில் ஒரே மாதத்துக்குள் ஒம்லூப் ஹெட் நியூஸ்ப்ளாட், ஈ3 இரண்டையும் வென்றார். இரண்டும் ஃபிளாண்டர்ஸின் கற்பாதைப் பந்தயங்கள், இரண்டும் சின்னக் குழுவிலிருந்து வந்த வெற்றிகள், ஆனால் வழி வேறு வேறு. ஒம்லூப்பில் முடிவுக்குச் சற்று முன்னால் தனியாகப் பாய்ந்தார். ஈ3இல் காத்திருந்து, வான் ஆர்ட்டையும் வான் ஆவர்மாட்டையும் நேர் ஸ்பிரின்டில் முந்தினார். 2017க்குப் பிறகு அவருடைய கணிப்பு முதிர்ந்ததற்கு இதை அடையாளமாகக் காட்டலாம்.

குயிக்-ஸ்டெப் அணி அவருக்கு உதவியதா, தடுத்ததா என்ற சர்ச்சையும் உண்டு. பூனன், டெர்ப்ஸ்ட்ரா, ஜில்பேர், லாம்பார்ட் என்று வெல்லக்கூடியவர்கள் ஒரே அணியில் குவிந்திருந்தார்கள். முன்னால் ஒருவர் போய்விட்டால் மற்றவர் துரத்தக் கூடாது என்பது அணி விதி. 2014 ரூபேயில் டெர்ப்ஸ்ட்ரா தனியாகப் போனபோது ஷ்டிபரின் வேலை பின்னால் வருபவர்களைத் தடுப்பதுதான். மறுபுறம், அத்தனை பலமான அணி இல்லாவிட்டால் 2017இல் நிழலில் ஓய்வெடுத்தபடி வந்திருக்கவே முடியாது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் அணி கொடுத்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு. வேறு அணியில் அவருடைய பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்பதை யாரும் நிரூபிக்க முடியாது.

உடலும் இடையூறு செய்தது. 2014 எனெகோ டூரில் மோசமாக விழுந்து பற்கள் உடைந்தன. 2021 வசந்தத்தில் இதயத்துடிப்பில் ஒழுங்கின்மை கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை செய்ததால் பெரிய ஒருநாள் பந்தயமான ஃபிளாண்டர்ஸ் டூரை விட வேண்டியதாயிற்று. 2022 முடிவில் குயிக்-ஸ்டெப்பை விட்டு, 2023இல் ஆஸ்திரேலிய அணியான ஜேகோவில் ஒரு பருவம் ஓட்டினார். பிறகு 38 வயதில், முதல்நிலை உலகப் பட்டத்தை முதன்முதலில் வென்ற தாபோரிலேயே உலகப் போட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

ஒப்பீட்டுக்கு வருகிறேன். மூன்று வாரப் பந்தயம்தான் அளவு என்றால் க்ரொய்ட்சிகரே மேல். 2013 டூரில் ஐந்தாம் இடம், அதே வருடம் ஆம்ஸ்டல் கோல்ட் என்ற ஒருநாள் பந்தயம், அதற்கு முன் சுவிஸ் டூரும் ரொமாண்டி டூரும். அவர் மீது 2014இல் உயிரியல் கடவுச்சீட்டு (ஊக்கமருந்தைக் கண்டறிய வீரரின் ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதியும் முறை) தொடர்பாக எழுந்த வழக்கு 2015இல் கைவிடப்பட்டது, எனவே அந்த முடிவுகளில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வழக்கு நடந்த மாதங்கள் அவருடைய பெயரைச் சுற்றி ஓர் இரைச்சலை உண்டாக்கின. லியோபோல்ட் கெனிக் 2014 டூரில் ஏழாவது வந்தவர், காயங்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டன. ஸ்பிரின்ட் என்றால் டூரில் மூன்று கட்டங்கள் வென்ற ஸ்வோராடா. அந்த மூன்றில் முதலாவது ஸ்லோவாக்கியாவின் பெயரில் எடுத்தது. இரண்டு விளையாட்டிலும் உலகத் தரத்தில் நின்றவர் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் ஷ்டிபருக்கு இணை இல்லை.

சைக்ளோகிராஸிலிருந்து சாலைக்கு வழி திறந்தவர் இவர்தான் என்று எழுதுவதை மட்டும் கொஞ்சம் திருத்தி வாசியுங்கள். ரோஜர் டி வ்லாமிங்க் 1970களிலேயே சைக்ளோகிராஸ் உலகப் பட்டமும் நான்கு ரூபே வெற்றிகளும் எடுத்துவிட்டார். 2008 உலக சாம்பியன் லார்ஸ் போமும் ஷ்டிபருக்கு முன்பே சாலைக்கு வந்தவர். சைக்ளோகிராஸிலும் சாலையிலும் சிறந்த வான் டெர் பூல், வான் ஆர்ட், பிட்காக் தலைமுறைக்குச் சற்று முன்னால், நவீனப் பயிற்சிக் காலத்திலும் இது நடக்கும் என்று காட்டிய சிலரில் ஷ்டிபர் முக்கியமானவர். அவ்வளவு சொன்னாலே போதும், அதுவே பெரிய விஷயம்.

அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் முழுப் பந்தயங்கள் தேவையில்லை. ஹோகர்ஹைட 2014இன் கடைசி இரண்டு சுற்றுகள், சியேனா 2015இன் கடைசி ஒரு கிலோமீட்டர், ரூபே 2017இன் வெலோட்ரோம் பகுதி. இந்த வரிசையில் பாருங்கள். முதலாவதில் வளைவுகளில் அவர் எப்போது பிரேக் பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தால், மற்ற இரண்டிலும் அவர் என்ன செய்கிறார் என்பது தானாகப் புரியும்.